அஜிதாவின் கைவெடிப்பு

என் மருமகள் அஜிதா கல்யாணத்துக்கு முன்பிருந்தே முந்திரி உடைக்கும் அண்டி ஆபீசில் வேலை பார்த்தவள். அங்குள்ள பெண்களின் கையைப் பார்த்தாலே தெரியும். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு விரலோரம் கறுத்து வெடித்திருக்கும். அதனால் இவள் விரல் வெடித்தபோது ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

"எண்ணெய் ஒட்டாம சாம்பல் தொட்டு உடைக்கலியா? மகாராணி கைன்னு நெனப்பு!" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள்.

பிறகு தலை சீவக் கை எழும்பவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வேலையை நிறுத்தினாள். மழைக்காலம் முழுக்க ஒரு கொட்டையைக்கூடத் தொடவில்லை. வெடிப்போ ஆறவே இல்லை. மூச்சும் இரைக்கத் தொடங்கியதும் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது அண்டி எண்ணெய் இல்லம்மா. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் புரதம் கட்டுத வேலை நடக்கு. அதுக்கு அமினோ அமிலத்தைச் சுமக்க ஆளு உண்டு. எந்த ஆளுக்கு எந்தச் சுமடுன்னு பாத்து ஏத்திவிட நொதிகள் உண்டு. இவங்க உடம்போட காவல், அதுல ஒரு நொதியைப் பகையாளின்னு நெனச்சிட்டு. அந்தச் சண்டையில தோலும் சதையும் நுரையீரலும் சேந்து அடி வாங்குது."

"அப்போ அந்தக் காவல்காரனை வெளிய தள்ளும்" என்றேன்.

"அவனும் இவங்கதானேம்மா. மாத்திரை குடுத்து அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான்."

அஜிதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் எப்ப ஆபீசுக்குப் போலாம்?"

கையில் பலம் கொஞ்சம் திரும்பலாம், நுரையீரலில் விழுந்த தழும்பு மாறாது, கொட்டை வறுக்கும் புகைப்பக்கம் இனிப் போகவே கூடாது என்றார்.

இப்போது கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் இரைகிறது. மூக்கில் மாட்டிய குழாய் அடுக்களைப் படி வரைதான் எட்டும்.

"ஏட்டி, அதுவரைக்குமாவது நடக்கியா?"

"நாய்ச் சங்கிலி இதைவிட நீளம், மாமி."

போன வாரம் காலையில் அண்டி ஆபீஸ் வேன் ஹார்ன் அடித்தது. குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். கேட்டைப் பிடித்தபடி கூட்டாளி ஜெஸ்பினிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உதடு நீலம் பாய்ந்து அப்படியே மண்ணில் சரிந்தாள். நானும் வேனிலிருந்த பெண்களுமாகத் தூக்கிவந்து கிடத்தினோம். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் ஹார்ன் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஜன்னலை அடைங்க, மாமி."

நான் அடைக்கவில்லை. அந்தச் சத்தமாவது அவளுக்கு மிஞ்சட்டும். இன்றைக்கும் சொன்னாள். இன்றைக்கும் அடைக்கவில்லை.