மூச்சு எண்ணிய மேஜர்

அறையில் என் இரண்டு வயது மகள் இருந்தாள், நிமோனியா. என் மனைவி இருந்தாள். நர்ஸ் ஒருத்தர் இருந்தார். பட்டாளத்துச் சமையல்காரன் நான். அப்புறம் மேஜர் மேடம், குழந்தைகளின் தீவிர சிகிச்சை டாக்டர்.

திருவனந்தபுரம் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒல்லி உடம்பு, நரைத்த கிராப்பு, மலையாளம் கலந்த தமிழ். மெஷின் காட்டினாலும், மகளின் நெஞ்சில் கை வைத்து, கடிகாரம் பார்த்து, ஒரு நிமிட மூச்சை எண்ணுவார். அப்போது மட்டும்தான் அவர் கால் ஓரிடத்தில் நிற்கும்.

"மெஷின்தான் காட்டுதே, மேடம்?"

"மலை கேம்ப்ல கரண்ட் போகும். கை போகாது, கேட்டோ."

மகளின் மூச்சு நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டில் நின்றபோது அவருக்குக் காஷ்மீருக்கு மாற்றல் வந்தது.

"நீங்க போனா யாரு எண்ணுவா?"

"வேற டாக்டர் வரும். நீயும் எண்ணு. நாப்பதுக்குக் கீழ வந்தா பயப்படண்டாம். போய்ச் சோறு தின்னு. உன் மூஞ்சியப் பாத்தா உன்னை அட்மிட் பண்ணணும் போல இருக்கு."

ஜீப் ஹார்ன் அடித்தது. வாசல் வரை போனவர் திரும்பி வந்து எண்ணினார். மறுபடி போனார், மறுபடி வந்தார். மூன்றாம் தடவை வரவில்லை.

மறுநாள் மத்தியானம் மகள் நெஞ்சில் கை வைத்து, சுவர்க் கடிகாரம் பார்த்து எண்ணினேன். அவரிடம் சொல்லத் திரும்பினேன். அவர் எங்கோ ரயிலில் போய்க்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டு.