எட்டாம் நாள் பாட்டு நம்பர்

சித்தூருக்கு வெளியே மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்தின் ஜெபக் கூடத்தில் ஒரு கறுப்புப் பலகை உண்டு. அதில் வரிசையாக மூன்று ஆணிகள். ஆராதனையில் பாடப்போகும் பாட்டின் எண்ணை அந்த ஆணிகளில் மாட்டுவார்கள். எண்கள் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய மரச் சில்லுகளாக ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். இங்கே நர்ஸாக வந்து பல வருஷமாகிறது. படுக்கைப் புண்ணுக்கும் சர்க்கரைப் புண்ணுக்கும் கை கூசியதில்லை. அந்த டப்பாவைத் திறக்க மட்டும் இன்றும் கூசுகிறது.

இங்கே ஒரு தம்பதி இருந்தார்கள். அவர் ஓய்வு பெற்ற போதகர். இந்த ஊர்ச் சபைகளில் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். நான் நகரியில் விசைத்தறிக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் முருகனைத் தவிர வேறு சாமி கிடையாது. வந்த புதிதில் யாரைப் பார்த்து ஐயர் என்கிறார்கள் என்று விழித்திருக்கிறேன். ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு ஒரு கட்டடம் என்பது இல்லத்தின் பழைய விதி. புருஷன் பெண்டாட்டி என்றாலும் அதேதான். அதனால் இருவரும் விடிந்ததும் முற்றத்து பாதாம் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். ஐயருக்கு ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போய்விட்டது, வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும். ஐயரம்மா நாள் முழுக்க அப்படிக் காதை வைத்துக்கொண்டுதான் இருப்பார்.

கொரோனா வந்தபோது முற்றத்தை மூடினோம். ஜெபக் கூடத்தையும் சாப்பாட்டுக் கூடத்தையும் மூடினோம். நோய் உள்ளே வரவில்லை, ஆனால் ஆட்கள் உள்ளுக்குள் உடைய ஆரம்பித்தார்கள். ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் நாள்கணக்கில் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு அம்மா தினமும் பையில் துணியை அடுக்கி வைத்துக்கொண்டு பஸ் எப்போது வரும் என்று கேட்பார். பெரியவர்களின் மனதை உற்சாகமாக வைத்திருங்கள் என்று தெலுங்கில் ஒரு அரசாங்கக் காகிதம் வந்தது. வீடியோ காலில் பேசவையுங்கள் என்றும் அதில் இருந்தது. பேசவைத்தேன். ஐயரம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டார். வெளியூரில் இருந்த மகன் பத்து நிமிஷமும் அம்மாவின் காதைத்தான் பார்த்தான். அதற்குச் சிரித்தவர்தான், அடுத்த வாரமே தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பத் தொடங்கினார். தலை வாரிக்கொள்வதையும் விட்டுவிட்டார்.

பலகை யோசனை ஐயருடையது. ஜெபக் கூடத்திலிருந்து அதைக் கொண்டுவரச் சொல்லி, சாயங்காலம் தன் ஜன்னல் கம்பியில் கட்டி, மூன்று சில்லுகளை மாட்டச் சொன்னார். எதிர்க் கட்டடத்து ஜன்னலில் ஐயரம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். இந்தச் சபைக்காரர்களுக்கு எண்ணைச் சொன்னால் போதும், பாட்டு தானாக வரும். புத்தகம் வேண்டாம். ஐயரம்மா பாட ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் பக்கத்து ஜன்னல் சேர்ந்துகொண்டது, நான்காவது அடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். ஐயர் ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டார். அன்று ராத்திரி ஐயரம்மா இரண்டு தோசை சாப்பிட்டார். அப்புறம் அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. இன்றைக்கு என்ன நம்பரோ என்று மத்தியானத்திலிருந்தே பேச்சு நடக்கும். ஒரு தடவை போட்டதை ஐயர் அந்த மாதத்தில் மறுபடி போட மாட்டார்.

இரண்டாவது அலையில் ஐயருக்கே காய்ச்சல் வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்றபோது, அவர் ஒரு துண்டுச் சீட்டை என் கையில் வைத்து, காதைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார்.

"ஏழு நம்பரு எழுதியிருக்கேன்மா. தினம் ஒண்ணு மாட்டு. ஆஸ்பத்திரி சிஸ்டர் மூலமா போன்ல சொன்னேன்னு சொல்லு. இல்லன்னா அவ துன்ன மாட்டா. ஏழு நாள்ல வந்துடுவேன்."

திங்கட்கிழமையிலிருந்து மாட்டினேன். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "ஆயன போயாரம்மா" என்றது ஒரு தெலுங்குக் குரல். ஐயர் போய்விட்டார், அவ்வளவுதான். அடக்கமும் அங்கேயே. நாங்கள் யாரும் போக முடியவில்லை. வார்டன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இப்ப சொன்னா அந்தம்மாவும் போயிடும். கொஞ்ச நாள் போவட்டும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பட்டது என்ன, சொல்லும் தைரியம் எனக்கு இல்லை என்பதே நிஜம். வெள்ளியும் சனியும் சீட்டில் இருந்தபடி மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நம்பரைப் பார்த்ததும் ஐயரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாடி முடித்ததும் என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டு, "எங்க கல்யாணத்துல பாடினதுடி. நாளைக்கு வரப்போறாரு, அதான் கிண்டல் பண்றாரு" என்றார். தலை வாரி, நெற்றி வகிடு நேராக எடுத்திருந்தார். முகக்கவசம் இருந்தது நல்லதாயிற்று. இன்னும் இரண்டு நாள் வைத்திருப்பார்களாம் என்று ஒரு பொய் சொன்னேன்.

எட்டாம் நாள் சீட்டு தீர்ந்துபோனது. பழைய நம்பரைப் போட்டால் சந்தேகப்படுவார். யாரிடமாவது கேட்டால் ஐயர் சொல்லவில்லையா என்பார்கள். பாட்டுப் புத்தகம் மேஜையில்தான் இருந்தது, ஆனால் எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வீட்டில் பேசுவதெல்லாம் தமிழ், படித்ததெல்லாம் தெலுங்கு. எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. ஐயரம்மாவுக்குக் கண்புரை, பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பெயிண்ட் உதிராத சில்லுகளாகப் பார்த்து எடுத்தேன். இரண்டு, ஏழு, நான்கு. மாட்டினேன்.

ஐயரம்மா வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தார். அன்று வேறு எந்த ஜன்னலும் சேர்ந்துகொள்ளவில்லை. மெதுவான ராகம், நன்றாக இருந்தது. தனியாகப் பாடுகிறாரே, தெம்பாக இருக்கட்டும் என்று நான் ஐயர் மாதிரியே கம்பியில் விரலால் தாளம் போட்டேன். தலையை வேறு ஆட்டினேன். பாதியில் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் கட்டிலில் இருந்தவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். "கல்லறையில பெட்டிய எறக்கும்போது பாடுறது சிஸ்டர் அது" என்றார் ஒருவர்.

முற்றத்தைத் தாண்டி ஓடினேன். ஐயரம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை விடிகாலைலம்மா."

விரலை மடக்கி எண்ணினார். "அப்ப நேத்து நம்பரு?"

"முன்னாடியே எழுதிக் குடுத்துட்டுப் போனாரு."

"இன்னிக்கு?"

"நான் மாட்டினது."

அவர் என் கையுறைக் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் என்னை ஏமாத்திக்கினு இருந்தாங்க. உனக்குத்தான் மனசு கேக்கல. வேற சாமி கும்புடறவ நீ, எங்க முறைப்படி எனக்குச் சொல்லிட்ட. அவரை வெறுமனே பொதைச்சிருப்பாங்க. நான் பாடி அனுப்பிட்டேன். நீ நல்லா இருப்பே."

எனக்குப் படிக்கத் தெரியாதும்மா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏமாற்றியவர்களில் நானும் ஒருத்தி என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நின்றேன். மறுநாள் வெள்ளைப் புடவையில் ஜன்னலுக்கு வந்து, "இன்னிக்கு நம்பரு மாட்டலையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவரே காலையில் நம்பரைச் சொல்லியனுப்பினார். சாப்பிட்டார், மற்றவர்களையும் சாப்பிடவைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி அந்தக் கதையைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

நோய்க்காலம் முடிந்தபின் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். எழுத்துக்கூட்டி முதலில் படித்தது அந்தப் பாட்டைத்தான், ஒரு பக்கத்துக்கு ஒரு வாரமானது.

போன வருஷம் ஐயரம்மா போய்விட்டார். பெட்டி ஜெபக் கூடத்தில் இருந்தது. கல்லறைப் பாட்டை இங்கேயே பாட வேண்டும், நம்பரை நான்தான் மாட்ட வேண்டும் என்று வார்டனிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தாராம். பிஸ்கட் டப்பாவைத் திறந்து இரண்டு, ஏழு, நான்கு என்று எடுத்து மாட்டினேன். பிறகு பெட்டியருகே போய்க் குனிந்து, ஐயர் அவரிடம் பேசியதுபோல் காதருகே வாயை வைத்து, "அன்னிக்கு எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்று சொன்னேன். கூடம் முழுக்கப் பாடத் தொடங்கியது. புத்தகத்தைப் பார்த்து நானும் பாடினேன். தாளம் போடவில்லை.