எங்கள் ஊர்ப் பௌத்தர்

மிதிலையில் கடவுள் இல்லை என்று வாதிட்ட பௌத்தர்கள் தீர்ந்துபோய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதற்காகக் கடவுளை நிரூபிக்காமல் இருந்துவிட முடியுமா? மறுப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே. ஆகவே எங்கள் சிமர்டீஹ் கிராமத்தில் அந்தப் பொறுப்பை ஹலதர் ஜாவிடம் ஒப்படைத்தோம். சிவபூஜை முடிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். அவரைவிடப் பொருத்தமான நாத்திகர் கிடைக்கவில்லை.

கருமாதி விருந்தில் இலை போட்டதும் பண்டிதர்கள் வாதிடுவது எங்கள் வழக்கம். பானைக்குக் குயவன் உண்டு, ஆகவே உலகத்துக்கும் ஒருவன் உண்டு என்று ஒருவர் நிறுவுவார். பௌத்தராக உட்கார்ந்தவர் மறுத்துப் பார்த்துத் தோற்க வேண்டும். தோற்ற பிறகுதான் அவலுக்குத் தயிர் வரும்.

ஹலதருக்குத் தோற்கத் தெரியாது. "காட்டுல தானா முளைக்கிற புல்லுக்கு எந்தக் குயவன் ஓய்?" என்பார். பண்டிதர்கள் விழிப்பார்கள். தயிர் புளிக்கும். "இந்தப் பௌத்தனைக் கூப்பிட்டா பட்டினிதான்" என்று அழைப்பதை நிறுத்தினோம். தர்மத்தை முன்னிட்டு எடுத்த முடிவு. நாளடைவில் தெருவில் நின்று பேசுவதையும் நிறுத்திவிட்டோம்.

அவர் வாதங்களைக் கேட்க மனைவி தாராவதி மட்டும் இருந்தார். முற்றத்தில் புல் பிடுங்கிக்கொண்டே, "புல்லைப் படைக்க ஆள் இல்லைன்னே இருக்கட்டும். பிடுங்க நான் இருக்கேன்ல? சாப்பிட வாங்க" என்பார்.

போன மாசியில் தாராவதி அண்ணி இறந்துபோனார். ஊர் வந்து உண்ணாவிட்டால் போன உயிர் கரையேறாது. ஹலதர், பண்டிதர்களில் மூத்தவரான மோதிகாந்த் மிஸ்ரரின் வாசலில் போய் நின்றார்.

"எல்லாரையும் கூட்டிட்டு வரணும், மிஸ்ரரே."

"வர்றோம். நீர் வாயைத் திறந்தா எங்களுக்குத் தயிர் கிடைக்குமா ஓய்?"

"கிடைக்கும்."

ஊரே போனோம். மிஸ்ரர் பானையையும் குயவனையும் எடுத்துவைத்து வாதிட்டார். எல்லோரும் ஹலதரைப் பார்த்தோம்.

"புல்லுக்கு..." என்று தொடங்கினார். ஓரத்தில் காத்திருந்த தயிர்ச் சட்டிகளைப் பார்த்தார். "தோத்தேன்" என்றார்.

கடவுள் அன்று எங்கள் ஊரில் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டார். "அண்ணி புண்ணியவதி" என்று ஏப்பத்தோடு எழுந்து வந்தோம்.

இப்போது எல்லா விருந்துக்கும் அவரை அழைக்கிறோம். உட்கார்ந்ததுமே தோற்றுவிடுகிறார், சாப்பிட்டதும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

மழைக்குப் பிறகு ஒருநாள் அவரை விருந்துக்கு அழைக்கப் போனேன். முற்றம் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் புல். நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணா, பிடுங்கலையா?"

"யாருடா பிடுங்குறது?"

பதில் யோசித்தேன். அதற்குள் விருந்துக்கு நேரமாகிவிட்டது.