பக்கவாசல் யுவேசென்

முட்டைக்கோஸும் காடிப் புட்டியுமாகச் சந்தையிலிருந்து திரும்பும் சூ யுவேசென், திறந்து கிடக்கும் பெரிய வாசலைத் தாண்டிப் போய், மதிலை முழுக்கச் சுற்றி, பக்கவாசல் வழியாகத்தான் உள்ளே நுழைவாள். வடசீனத்து ஷான்சிப் புழுதி கண்ணை மறைத்தாலும் சரி, அதே சுற்றுத்தான். டாங் மாளிகையில் இப்போது அறைக்கொரு குடும்பம். பெரிய வாசலில் நிலக்கரி வண்டிகூடத் தாராளமாகப் போய்வருகிறது. கேட்டால், “அது நமக்கான வழி இல்லடியம்மா” என்பாள். டாங் முதலாளிக்கு மூன்றாவது துணைவியாக வந்த அன்று அவளைப் பக்கவாசலில்தான் பல்லக்கை விட்டு இறக்கினார்கள். நாம் சின்னவீடு என்கிறோமே, அதேதான். என்ன, பெரிய வீட்டுக்குள்ளேயே இருந்தது.

தனக்கு மட்டும்தான் சமைக்கிறாள். ஆனாலும் நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். உட்கார்ந்தால் முதலாளியின் மூத்த மனைவி வந்து அதட்டுவாள் என்று அந்தக் கால்கள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கின்றன. மூத்தவளோ மண்ணுக்குள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

ஒரே மகன் வென்ஜுன். பெற்றவள் இவள், அந்த வீட்டு முறைப்படி அம்மா என்றால் மூத்தவள்தான், இவள் சின்னம்மா. அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. அவ்வப்போது மாவு மூட்டையோடு வந்து, சின்னம்மாவுக்கு உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டுப் போவான். கெட்டவன் இல்லை, வாய் அப்படிப் பழகிவிட்டது. மாற்றிக் கூப்பிடு என்று கேட்க இவளுக்கும் நா எழவில்லை. சாவதற்குள் ஒரு தடவை அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும் என்று அடுத்த அறை ஹாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

இந்தக் குளிர்காலத்தில், பழைய பெரிய வீட்டுத் துணைவிகளைப் பற்றிய சினிமா ஒன்று ஊருக்கு வந்தது. மகன்தான் அழைத்துப் போனான். திரையில் பட்டும் பவளமும் ஜொலித்தன. “உடுப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த ரூமோட குளிரக் காணோமே” என்று முணுமுணுத்தாள். பிறகு அந்தக் காட்சி வந்தது. ஆளில்லாத முற்றத்தில் துணைவி நிற்கிறாள். அவள் பெற்ற பையன் ஓடிவந்து, “அம்மா” என்று கூப்பிடுகிறான்.

வென்ஜுன் சிரித்துவிட்டான். “வெவரம் தெரியாதவங்க எடுத்த படம், சின்னம்மா. எந்த வீட்டுல இப்படிக் கூப்பிட்டாங்க?”

“ஆமாப்பா, தப்புத்தான்” என்றாள் அவள்.

மறுநாளிலிருந்து பகல் காட்சிக்குத் தனியாகப் போக ஆரம்பித்தாள். டிக்கெட் கிழிக்கும் பெண் விடமாட்டாள். “கதாநாயகன் மேல ஆசையா, பெரியம்மா?”

“உள்ள கதகதப்பா இருக்குடி.”

கடைசி வரிசையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறாள். பாதிப் படம் தூக்கத்தில் போகிறது. ஆனால் முற்றம் திரையில் வருவதற்குச் சற்று முன்பு எப்படியோ விழித்துக்கொள்கிறாள். மடியிலிருக்கும் விதைத்தோலைத் தட்டிவிட்டுத் தலைமுடியை ஒதுக்கிக்கொள்கிறாள். பையன் கூப்பிடுகிறான். யுவேசென் முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் எழுந்து நிற்கிறாள்.