டோக்கன் இல்லாத காக்கா

என் மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து கால் ஒடியும். சரி, ஒடியாது. கொஞ்சம் தடுமாறும்.

நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் சலவைக்கடை வைத்திருப்பவர் அவர். வக்கீல்களின் கறுப்பு அங்கிகள் அங்கேதான் குளித்து, காய்ந்து, மறுநாள் சண்டைக்குத் தயாராகும். அப்படி ஒரு நாள் அங்கியைச் சலவைக்குப் போட வந்தாள் என் மகள். அங்கி திரும்பி வந்தது, மகள் மனசு கடையிலேயே தங்கிவிட்டது.

இன்று அவள் பெரிய வக்கீல். அடுப்பு, பள்ளிக்கூடம், தலைவாரல் எல்லாம் மாப்பிள்ளை பொறுப்பு. பேத்திக்குச் சடை பின்னி, நுனியில் துணிக் கிளிப்பை மாட்டி அனுப்புவார். மகளோ சாப்பிட உட்கார்ந்தாலும் அவரைக் கூண்டில் ஏற்றாமல் விடமாட்டாள்.

"இதுல உப்பில்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் யுவர் ஆனர். மறைக்கணும்னு நினைக்கல."

வாலு என்று நாங்கள் கூப்பிடும் பேத்திக்குப் பள்ளி நாடகத்தில் காக்கா வேஷம் கிடைத்தது. ரொட்டித் துண்டைக் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். நரி கெஞ்சியதும் "கா" என்று பாடி அதை நழுவவிட வேண்டும். போன முறை முயல், அதற்கு முன்பு காளான். இரண்டையும் பார்க்க அம்மா வரவில்லை.

"இந்தத் தடவையும் வாய்தாவாம்மா?"

"அன்னிக்கு ஒரு கேஸ் இருக்குடா கண்ணு. சீக்கிரம் முடிஞ்சா வந்துடறேன்."

"உன் கேஸ் எது முடிஞ்சிருக்கு? நீ வரலேன்னா நான் வாயே திறக்க மாட்டேன். நரி பட்டினி கிடக்கட்டும்."

மாப்பிள்ளை கடையில் டோக்கன் இல்லாமல் ஒரு கைக்குட்டைகூட உள்ளே போகாது. வீட்டுத் துணிக்கு மட்டும் விதிவிலக்கு. "பெத்த பொண்ணுக்கு யாராவது நம்பர் போடுவாங்களா அத்தை?" என்பார். நாடகத்தன்று காலை, டோக்கன் இல்லாத இரண்டு கறுப்புத் துணிகள், ஒரே மாதிரி இரண்டு உறைகளில் கிளம்பின. ஒன்று அங்கி, ஒன்று காக்கா.

நீதிமன்ற வராந்தாவில் மகள் உறையைப் பிரித்தால் இரண்டு இறக்கையும் ஓர் அட்டை மூக்கும்! போன் பள்ளிக்கூடத்தில் இருந்த மாப்பிள்ளைக்குத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்குக் காது கிழிந்தது.

"என்னங்க, என் அங்கி எங்க?"

"காக்கா போட்டுட்டிருக்கு."

"உடனே யார்கிட்டயாவது கொடுத்து அனுப்புங்க!"

கல்யாணமான நாள் முதல் மனைவி பேச்சைத் தட்டாதவர், வாலுவைப் பார்த்தார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தரையைக் கூட்டும் அங்கியோடு திரைக்குப் பின்னால் நின்றாள்.

"முடியாதும்மா. வேணும்னா நீயே நேர்ல வந்து ஆஜராகு."

போனை வைத்ததும் என்னிடம், "அத்தை, இன்னிக்கு உங்க ரூம்ல ஒரு ஓரமா எனக்கும் இடம் கிடைக்குமா?" என்றார்.

நாடகம் ஆரம்பித்தது. நரி கெஞ்சியது. காக்கா வாய் திறக்கவில்லை. நரி காலைப் பிடித்தது, தன் சொந்தச் செலவில் ஒரு பாட்டுப் பாடிக் காட்டியது, கடைசியில் உதட்டைப் பிதுக்கி டீச்சரைப் பார்த்தது. அப்போதுதான் வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றாள் என் மகள்.

"கா!"

ரொட்டி பறந்து தலைமையாசிரியர் வழுக்கையில் இறங்கியது. அத்தோடு நின்றதா? கா, கா என்று வாலு பிடித்த பிடியில் திரையை இழுத்து மூட வேண்டியதாயிற்று. திரைக்குப் பின்னாலும் கா!

ரொட்டித் தூள் ஒட்டிய அந்த அங்கியோடுதான் மகள் போய் வாதாடினாள். ஊர்க் காக்கா அத்தனையும் ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்து தீர்ப்புக் கேட்டன. அங்கி மட்டும் மாறாமல் இருந்தால் அவள் வந்திருப்பாளா? எல்லாம் டோக்கன் போடாததன் மகிமை.

இவ்வளவு எழுதியதை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மகள் சொல்கிறாள்:

"அம்மா, ரெண்டு திருத்தம். ஜன்னல்ல இருந்தது ஒரே ஒரு காக்கா. அதுவும் தூங்கிட்டிருந்துச்சு. அப்புறம், என் ஆபீஸ் அலமாரியில இன்னொரு அங்கி எப்பவும் தொங்கும். போனை வச்சதுமே ஞாபகம் வந்துடுச்சு. கேஸை மத்தியானத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லி ஜூனியரை அனுப்பிட்டுத்தான் ஓடி வந்தேன். அங்கிக்காகவா வந்தேன்?"