டீமு மேல கட்டின பிராது

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? கிருத்திகைக்கு வந்தோமா, சாமியைப் பார்த்தோமா, பொங்கலை வாங்கித் தின்றோமா என்று போகாமல், "விருத்தாம்பா, உன் பிராது கதையைச் சொல்லு" என்று ஆளைப் பிடித்து உட்கார வைக்கிறீர்கள். அடுத்தவள் வீட்டு வழக்கு என்றால் காது இவ்வளவு நீளம். தன் வீட்டு வழக்கு என்றால் ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டீர்கள். சரி, கேட்டுத் தொலையுங்கள். கேட்டு முடித்துவிட்டுக் கிழவி அளக்கிறாள் என்று யாராவது சொன்னால், உங்கள் மேலும் ஒரு பிராது கட்டிவிடுவேன்.

எழுபதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. இங்கே டவுனில் பாலக்கரைப் பக்கம் வீடு. வீட்டில் நான் ஒருத்தி. ஒரே மகன் பழமலை, பெண்டாட்டி பிள்ளையோடு மெட்ராஸில் இருந்தான். இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறான் என்றார்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ஆட்டுக்குப் பின்னால் போனேன். ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறிப்போயிருக்கும் என்று சொல்லலாம் என்றால், அவன் பிறந்தது எங்கள் வீட்டு நடையில்.

தனியாக இருப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் "செய்திகள் முடிவடைந்தன" என்பார். நான், "சரிங்க, போயிட்டு வாங்க" என்பேன். அன்றைக்கு முழுக்க நான் வாயைத் திறந்து பேசினது அது ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு டம்ளர் அரிசி வைத்தாலும் மிஞ்சும். மறுநாள் அதையே பழையதாகத் தின்பேன். அழுகை வரும். யாருக்குக் காட்ட அழுவது என்று அதையும் நிறுத்திவிடுவேன்.

பொங்கலுக்கு வந்த பழமலை முகம் சரியில்லை. கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, அமெரிக்காவுல ஒரு காலேஜுல கூப்புடுறாங்க. எல்லாரும் போயிடலாம்னு பாக்குறோம்."

மெட்ராஸ் என்றால் பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. அமெரிக்காவுக்கு நான் எங்கே போய் நிற்பேன்?

"ஏன்டா, இங்க சோறு போட மாட்டேன்னுட்டாங்களா?"

அவன் விளக்கமாகச் சொன்னான். பையன்கள் தனித்தனியாக உட்கார்ந்து பரீட்சை எழுதிப் பாஸ் செய்துவிடுகிறார்கள். நாளைக்கு வேலைக்குப் போனால் பத்துப் பேரோடு சேர்ந்துதானே மிஷின் செய்ய வேண்டும்? அதனால் கடைசி வருஷத்தில் மூன்று மூன்று பேராக டீம் பிரித்து, நிஜமான ஒரு இடத்துக்கு நிஜமாக உதவுகிற ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும் என்று புதுசாக ஒரு பாடம் ஆரம்பித்திருந்தான். டீமில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே மார்க்கு. பிரின்சிபாலுக்கு இதில் நம்பிக்கை இல்லை. இந்த ஒரு வருஷம் நடத்திப் பார், தேறவில்லை என்றால் மூட்டை கட்டு என்று சொல்லிவிட்டார்.

"மத்த டீமுங்க எல்லாம் அடிச்சிக்கிட்டுப் பிரிஞ்சி போச்சும்மா. ஒன்னுதான் மிச்சம். அதை இந்த ஊரு பீங்கான் கம்பெனிக்கு அனுப்புறேன். அதுவும் சரிப்படலன்னா எனக்கு இங்க என்ன வேலை? நான் கெளம்பிடுவேன்."

"பசங்க எங்க தங்குவாங்க?"

"உன் வூட்டுலதான்."

மூன்று பையன்கள் வந்தார்கள். ராகவன் மெட்ராஸ்காரன், முதல் மார்க்குக்காரன், தட்டில் இருக்கிற அப்பளத்துக்குக்கூட கணக்குப் போடுவான். அந்தோணி வேதக்காரப் பையன், கையில் எப்போதும் ஒயரு. மூன்றாவது கொளஞ்சி. நம்ம கருவேப்பிலங்குறிச்சிப் பையன். வந்ததும் என்னை "ஆயா" என்றான்.

"ஆயான்னு கூப்புடாதடா, எனக்கு இன்னும் பல்லு இருக்குது" என்றேன்.

"சரிங்க ஆயா" என்றான்.

அவர்கள் செய்ய வேண்டியது ஒரு பெட்டி. பீங்கான் சூளையில் சூடு படிப்படியாகத்தான் ஏற வேண்டும். வேகமாக ஏறினால் உள்ளே இருக்கிற கோப்பை, தட்டு எல்லாம் வெடித்துவிடும். சூடு அளவு தப்பினால் உடனே மணி அடிக்கிற மாதிரி ஒரு பெட்டி. கொளஞ்சி சூளையிடம் நின்று சூட்டை அளந்து வந்து சொல்ல வேண்டும். ராகவன் அதை வைத்துக் கணக்கு எழுதி, அட்டையில் ஓட்டை போட்டு மெட்ராஸுக்கு அனுப்புவான். அங்கே குளிர் ரூமில் இருக்கிற கம்ப்யூட்டர் அதைப் படித்து விடை சொல்லும். அந்த விடைப்படி அந்தோணி பெட்டியை முடுக்குவான். நான் கேட்டேன், "ஓட்டை போட்ட அட்டையைப் படிக்கத் தெரியுது, என் தலையெழுத்தைப் படிக்க ஒருத்தனுக்கும் தெரியலியே?"

வீட்டில் சத்தம் வந்தது. கொடியில் சட்டை காய்ந்தது. சோறு மிஞ்சவில்லை. ரேடியோ பக்கம் நான் போகவே இல்லை.

அது கொஞ்ச நாள்தான். கொளஞ்சி சூளைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறித் தன் ஊருக்குப் போய்விடுவான். அளவு வராததால் ராகவன் தானாக ஒரு அளவை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டான். அதை அந்தோணியிடம் சொல்லவும் இல்லை. அந்தோணி வேறு ஒரு அளவில் பெட்டியைச் செய்துவிட்டான். மாசி மகத்துக்கு ஊரே கூடியிருந்த சமயம் சூளை ஏற்றிப் பார்த்தார்கள். மணி அடிக்கவே இல்லை. உள்ளே இருந்த கோப்பையெல்லாம் விரிசல். கம்பெனி மேனேஜர், "இன்னொரு தடவை பாருங்க, அதோட சரி" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ராகவன் தன் துணிப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தான்.

"ஊர் சுத்துறவனுக்கும் எனக்கும் ஒரே மார்க்கா? நான் போறேன்மா."

"போயேன், உன் கணக்கு தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்கன்னு பாக்குறியா?" என்றான் அந்தோணி.

அன்றைக்கு மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் நடுவில் குழம்புச் சட்டியோடு நின்றேன். என் மகன் கப்பலோ விமானமோ ஏறுவது எனக்கு அப்போதே கண்ணில் தெரிந்துவிட்டது. பேரன் இங்கிலீஷில் வளருவான். நான் செத்தால் தந்தி போய்ச் சேருவதற்குள் எரித்துவிடுவார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? கூடப் பிறந்தவர்கள் இல்லை. கட்டினவர் இல்லை. காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு மணவாளநல்லூர்க் கோயிலுக்கு நடந்தேன்.

வெளியூர்க்காரர் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள். நம்ம கொளஞ்சியப்பர், முருகன்தான், அவர் கோயிலில் குறையை வாயால் சொல்வதோடு விடுவதில்லை. கோர்ட்டுக்குப் போகிற மாதிரி, இன்னார் மேல் இன்ன குறை என்று தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்ட வேண்டும். அதுதான் பிராது. குறை தீர்ந்தால் திரும்ப வந்து, வழக்கை வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர்.

எழுதுகிற பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்.

"எதிராளி பேரு?"

மூன்று பையன்களில் எவன் பேரைச் சொல்வது? மூன்று பேரும் என் கையால் சோறு தின்கிறவர்கள். சோறு போட்டவளே பிராது கட்டுவாளா? மகன் சொல்லிக்கொண்டே இருந்த வார்த்தை ஞாபகம் வந்தது.

"டீமுங்க" என்றேன்.

"டீமா? வெள்ளக்காரனா?"

"இல்லிங்க, நம்ம பக்கம்தான்."

"தகப்பன் பேரு?"

டீமை உண்டாக்கினவன் என் மகன்தானே? "பழமலை" என்றேன்.

"எதிராளி இருக்குற எடம் எவ்வளவு தூரம்? தூரத்துக்குத் தக்கபடி காணிக்கை."

"எங்க வூட்டுலதாங்க இருக்கான்."

பெரியவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "எதிராளிய வூட்டுல வச்சு சோறு போடுறியா?"

"அதுவும் மூணு ஆளு சோறு துன்றாங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு எழுதினார். பழமலை மகன் டீமு என்பவன் ஒழுங்காக வேலை செய்யாததால், என் மகன் தேசத்தை விட்டுப் போகப் பார்க்கிறான், சாமி விசாரித்து அவனைத் தேசத்திலேயே நிறுத்த வேண்டும். கைநாட்டு வைத்தேன். சாமி முன்னால் நின்றபோது சிரிப்பெல்லாம் போய்விட்டது. "அப்பா, எனக்கு மிஷினும் தெரியாது, கணக்கும் தெரியாது. எனக்குப் பேச ஆள் இல்லாமத்தான் உன்கிட்ட வந்தேன்" என்றேன். கண்ணீர் தாளில் விழுந்து, எழுத்து கொஞ்சம் கரைந்துபோனது. பூசாரி அதை அப்படியே வேலில் கட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது கொளஞ்சி வாசலில் நின்றான். என் நெற்றியில் விபூதியைப் பார்த்துவிட்டு, "எங்க ஆயா போயிட்டு வரீங்க?" என்றான்.

"பிராது கட்டிட்டு வரேன்."

"யாரு மேல?"

"டீமு மேல."

பையன் முகம் வெளுத்துவிட்டது. அவன் அந்தச் சாமி பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறவன். ஓடிப்போய் மற்ற இரண்டு பேரையும் இழுத்து வந்தான்.

"டேய், ஆயா நம்ம மேல பிராது கட்டியிருக்குதுடா!"

ராகவன் சிரித்தான். "சாமிக்கு டீம்னா என்னன்னு தெரியுமா?"

"நான் வேதக்காரன், என்னை ஏன் இழுக்குறீங்க?" என்றான் அந்தோணி.

"டீமுல நீ இல்லியா? அப்ப உன்னையும் சேத்துதான். பேரு போட்டிருந்தா அவனவன் தனியா பாத்துக்கலாம். டீமுன்னு எழுதிட்டாங்க. ஒருத்தன் ஒழுங்கா இருந்தாலும் தப்பிக்க முடியாது. மூணு பேரும் ஒரே எதிராளிடா!"

ராகவன் சிரிப்பை நிறுத்தினான். "அப்ப நீ ஏன் சூளைக்குப் போகாம ஊருக்கு ஓடுற? அதைச் சொல்லு."

கொளஞ்சி தரையைப் பார்த்தான். அப்படியே சொன்னான். "நீ சொல்ற கணக்கு எனக்குப் புரியலடா. எதுக்கு அளக்குறோம்னே தெரியாம எத அளக்குறது? கேட்டா நீ இங்கிலீஷுல சிரிப்ப."

ராகவன் உட்கார்ந்தான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, முதலிலிருந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தான். தமிழில் சொல்லும்போது அவனுக்கே இரண்டு இடத்தில் உதைத்தது. கொளஞ்சி, "இந்த எடத்துல சூடு அப்புடி ஏறாதே?" என்று கேட்டான். அந்தோணி எட்டிப் பார்த்து, "அப்ப என் பெட்டியும் தப்பு" என்றான். நான் சோற்றை நடுவில் வைத்தேன். மூன்று பேரும் மூலையை விட்டு வந்தார்கள். சாமி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பங்குனியில் பிரின்சிபால் பழமலையோடு கம்பெனிக்கு வந்தார். நானும் முக்காடு போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். சூளை ஏறியது. கொஞ்ச நேரத்தில் மணி அடித்துவிட்டது. சூடோ சரியாக இருந்தது. சும்மா அடிக்கிறது! "முருகா, முருகா" என்று முணுமுணுத்தேன்.

பிரின்சிபால் கேட்டார், "யார் செஞ்ச தப்பு இது?"

ஒயரு அந்தோணி வேலை. ராகவனோ கொளஞ்சியோ அவனைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் ராகவன் முன்னால் வந்து, "எங்க தப்பு சார்" என்றான். அதற்குள் கொளஞ்சி பெட்டியைத் திறந்து, "இங்க ஒயரு சூட்டுல தளந்துடுச்சி சார்" என்றான். அந்தோணி பிடிக்க, ராகவன் அளவைப் பார்த்துச் சொல்ல, கொளஞ்சி முடுக்கினான். அப்புறம் மணி, வாய் மூடின மாமியார் மாதிரி கம்மென்று இருந்தது. மேனேஜர் வேண்டுமென்றே தீயை ஏற்றச் சொன்னார். உடனே அடித்தது. இறக்கினதும் நின்றது. சூளை ஆறித் திறந்தபோது கோப்பை ஒன்றில்கூட விரிசல் இல்லை.

பிரின்சிபால் பழமலையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பொட்டி ரிப்பேரானது பெருசு இல்லப்பா. யார் தப்புன்னு கேட்டப்ப ஒருத்தனும் கைய நீட்டலியே. அடுத்த வருஷமும் நீயே நடத்து."

பழமலை என் பக்கத்தில் வந்து நின்றான். "நான் போகலம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மூன்று பையன்களையும் கூட்டிக்கொண்டு ராஜினாமா எழுதப் போனேன். அந்தோணியும் வந்தான். வெளியே செருப்புக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டு நின்றவன், கடைசியில் உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டான். எழுதுகிற பெரியவருக்கு ஞாபகம் இருந்தது. "எதிராளி வந்திருக்கானா? இதுல யாரும்மா டீமு?" என்றார். மூன்று பேரும் "நாங்கதாங்க" என்றார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் அவர்கள் ரயிலேறினார்கள். ஸ்டேஷனிலிருந்து வந்து பழக்கத்தில் நாலு பேருக்கு உலை வைத்துவிட்டேன். கொதிக்கிறபோதுதான் உறைத்தது. அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சோறு நிறைய மிஞ்சியது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் தனியாக இருந்தபோது, என் பேச்சைக் கேட்க ஒருத்தரும் இல்லை என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகும் தனியாகத்தான் இருந்தேன். இருக்கிறேன். ஆனால் அப்படி நினைப்பதில்லை. வருஷா வருஷம் மாசியில் பழமலை ஒரு டீமை அனுப்பினான். பங்குனியில் அது போய்விடும். மற்ற மாசத்தில் எனக்கு மணவாளநல்லூர் இருக்கிறது. எழுத்துப் படிக்காதவள் சொன்னதை, எதிராளி பெயரைக்கூடத் தப்பாகச் சொன்னதை, சரியாகப் புரிந்துகொண்டவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கும் குறை இருக்கும். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட வேண்டாம். தெரிந்த மாதிரி சொல்லுங்கள். திருத்திக்கொள்வது அவர் பாடு.

அந்த வருஷம் பையன்கள் போனதும் எங்கள் தெருப் பெண்கள் சும்மா விட்டார்களா? "மவனும் மெட்ராஸுலயே இருக்கான், வூடும் காலியாக் கெடக்குது. பிராது கட்டி என்னத்தடி கண்ட?" என்று கேட்டார்கள். நான் அவர்களிடம் சொன்னேன்: "சாமி மேல ஒரு குத்தமும் இல்லடி. மவன் தேசத்த வுட்டுப் போவக்கூடாதுன்னு கேட்டேன், அவர் நிறுத்திட்டாரு. இந்த ஊருக்கு வரணும்னு சேத்து எழுத நான்தான் மறந்துட்டேன்."