நிற்காவிட்டாலும் திரும்ப வேண்டும்

தஞ்சாவூரில் மலை இல்லை, அதனால் ஏபிஎஸ் பிரேக் தேவையில்லை என்று ஒரு வாடிக்கையாளரிடம் வாய் கூசாமல் சொன்னவன் நான். அத்தோடு விட்டேனா? அது ஊட்டிக்காரர்களுக்காகக் கண்டுபிடித்த பிரேக் என்றும், தாம்பாளம் மாதிரி தட்டையாகக் கிடக்கிற நம் டெல்டாவில் அதை வாங்குவது சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போடுவது மாதிரி என்றும் விளக்கம் வேறு. அப்போது நான் ஒரு கார் ஷோரூமில் விற்பனையாளன். டை கட்டியிருந்தேன். அதை இறுக்கிக் கட்டியதால்தான் அறிவு மேலே ஏறவில்லை என்று இன்றுவரை சமாளித்து வருகிறேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். கோ-கோ விளையாட்டில் பெண்களைத் தயார் செய்கிறவர். மைதானத்தில் பேசிப் பழகியதாலோ என்னவோ, இரண்டு மூன்று சின்ன வாக்கியத்துக்கு மேல் போகமாட்டார். அந்தக் காலத்தில் எல்லா வண்டியிலும் ஏபிஎஸ் வராது. ஒரே காரில் அது உள்ள மாடல், இல்லாத மாடல் என்று இரண்டு இருக்கும். இல்லாத மாடலில் சிவப்பு வண்டி ஒன்று எங்கள் யார்டில் மாதக்கணக்கில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதை யார் தலையிலாவது கட்டச் சொல்லி மேனேஜர் உத்தரவு. டீச்சரின் தலை வாகாகத் தெரிந்தது எனக்கு.

கூடவே அவருடைய அண்ணன் வந்திருந்தார். ஒரு காலத்தில் நிலபுலன் இருந்த குடும்பம். இப்போது அந்த அதிகாரக் குரல் மட்டும் மிச்சம். என் கட்சி அவர். ஏபிஎஸ் வண்டியை அழுத்தி மிதித்தால் பிரேக் காலுக்கடியில் கடகடவென்று உதறும், ஜுரம் வந்த வண்டியை யாராவது கூடுதல் காசு கொடுத்து வாங்குவார்களா என்று கேட்டார். பிரேக் என்பது ஓட்டுகிறவனின் காலில் இருக்கிறது என்றார். நானும் ஆமாம் சார், ஆமாம் சார் என்று ஜால்ரா தட்டினேன். சிவப்பு வண்டியில் பாட்டுப் பெட்டி பெரிது என்பதையும் நினைவூட்டினேன்.

டீச்சர் என்னைப் பார்த்து, அந்த ஏபிஎஸ் என்னதான் செய்யும் என்று கேட்டார். சீக்கிரம் நிற்கும் என்றேன். அவர் விளம்பரத் தாளை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார். அப்படி ஒரு காரியத்தை நான் செய்ததே இல்லை. "சக்கரம் பூட்டிக்காது. பூட்டிக்கலைன்னா திருப்புற பக்கம் வண்டி திரும்பும். அதானே?" என்றார். எனக்கே அது புதுச் செய்தி.

பிறகு காரணத்தைச் சொன்னார். அறுவடைக் காலத்தில் அவர் போகிற சாலையில் பாதி நெல்லாகத்தான் கிடக்கும். அதன் மேல் எந்த பிரேக்கும் சட்டென்று பிடிக்காது. ஓரத்தில் பெண்கள் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு நிற்பார்கள். "நிக்காட்டியும் பரவாயில்லைங்க, திரும்பணும். கோ-கோவுல ஓடுறவளுக்கும் அதான்." அண்ணன் சிரித்துவிட்டு, "கார் வாங்க வந்தியா, கப் வாங்க வந்தியா பாப்பா?" என்று கேட்டார். அதற்கு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

ஓட்டிக் காட்டுகிறேன் என்று சிவப்பு வண்டியை எடுத்தேன். டீச்சர் என் பக்கத்தில், அண்ணன் பின்னால். சம்பா அறுவடை முடிகிற நேரம். ஊரைத் தாண்டியதும் சாலையின் இடது பாதியில் நெல் விரித்திருந்தது. சாலையில் நெல்லைக் கொட்டலாமா என்று என்னிடம் யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், களம் இல்லாதவன் நெல்லைத் தலையிலா காயவைப்பான்? நான் வேகத்தைக் கூட்டி, பிரேக் என் காலில் எப்படிக் குடியிருக்கிறது என்று அண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு மினி பஸ் தன் பாதியை முழுதாக அடைத்துக்கொண்டு வந்தது. நான் நெல்லில் இறங்கினேன். முன்னால் ஒரு அம்மா, முதுகைக் காட்டியபடி நெல் கிளறிக்கொண்டிருந்தார்.

பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நான்கும் அப்படியே பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கை ஒடித்தேன், வண்டிக்கு அது யாரோ யாருக்கோ சொன்ன சேதி. நெல்மணி ஒவ்வொன்றும் ஒரு சைக்கிள் பால்ரஸ் குண்டு. நேராகப் போகிறது. இன்னும் அழுத்தினேன், இன்னும் நேராகப் போகிறது. "காலை எடுங்க" என்று மைதானத்தின் மறுகோடிவரை கேட்கிற குரலில் டீச்சர் கத்தினார். அந்தக் குரலுக்குப் பயந்துதான் எடுத்தேன், புரிந்து எடுக்கவில்லை. எடுத்த மாத்திரத்தில் சக்கரம் உருண்டது, வண்டி திரும்பியது, அந்த அம்மாவை ஒரு முழ இடைவெளியில் விட்டு அறுத்த வயலுக்குள் இறங்கி நின்றது.

இறங்கினேன். அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக் கேட்டார்: "நெல்லைத்தானேய்யா காயப்போட்டிருக்கு. என்னையும் படுக்கப்போடலாம்னு பாத்தியா?" சிதறிய நெல்லை நானே டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கையால் கூட்டி அள்ளினேன். டயர் சரியில்லை என்றார் அண்ணன். டீச்சர் ஏபிஎஸ் உள்ளதையே புக் பண்ணினார்; அது வந்து சேரும்வரை பஸ்ஸில் போனார்.

இப்போது புது வண்டி எதை வாங்கினாலும் ஏபிஎஸ் தானாக வந்துவிடுகிறது. நான் பழைய கார் வாங்கி விற்கிறேன். பழசில் அது இல்லாதது மலிவாகக் கிடைக்கும், ஒன்று பாருங்கள் என்று வருகிறவர்கள் இன்றும் உண்டு. காட்டமாட்டேன். நாங்கள் இத்தனை வருஷம் ஓட்டவில்லையா என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். ஓட்டினீர்கள், எதிரே நின்றவர்கள் ஒதுங்கினார்கள், அதனால் ஓட்டினீர்கள். சரளைக் கல்லிலும் நெல்லிலும் ஏபிஎஸ் வண்டி கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும் என்று படித்தவர்கள் மடக்குவார்கள். நிற்கட்டும். திரும்புமா, அதைச் சொல்லுங்கள். இதனால் போன வியாபாரம் கொஞ்சமில்லை. போகட்டும்.

போன மாதம் டீச்சரை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அதே வண்டியில் வந்திருந்தார். இத்தனை அறுவடை பார்த்த வண்டி. நான்கு பேருக்குச் சொல்ல வீரக்கதை ஒன்றாவது தேறும் என்ற ஆசையில், அந்த பிரேக் எத்தனை தடவை காப்பாற்றியது டீச்சர் என்று கேட்டேன்.

"தெரியாது தம்பி, நான் மெதுவாத்தான் போறேன்."